சத்தியசீலன் சாரின் கயிற்றுப் பதிவேடு

கோச்சடைப் பக்கம் இருக்கும் அந்த மிஷன் பள்ளியின் வாசலில் காலை எட்டே முக்காலுக்கு நின்றால் இரண்டு ஓசைகள் கேட்கும். ஒன்று பிரார்த்தனை மணி, மற்றது கத்தரிக்கோல். மணி அடிப்பவர் மாறுவார். கத்தரிக்கோல் மட்டும் எப்போதும் சத்தியசீலன் சார் கையில்தான்.

அவர் வரலாறு நடத்துபவர். பழங்காநத்தத்தில் சொந்த வீடு, இருபத்தெட்டு வருட சர்வீஸ், மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் கனத்த குரல். பள்ளியின் ஒழுக்கக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. பொறுப்பு என்பதை ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்வார்கள், இவர் கத்தரிக்கோலாகப் புரிந்துகொண்டார். அது அவர் மனைவி அற்புதமேரியின் தையல் பெட்டியில் இருந்து எடுத்தது. "ஜாக்கெட் வெட்ட வாங்குனதுங்க. கண்ட கயித்தையும் வெட்டி மொன்னையாக்கி வச்சிருக்கீங்க" என்று அந்த அம்மா வாரம் ஒரு தடவையாவது சொல்லுவார். நாட்டுக்காக உழைப்பவர் வீட்டில் இந்தச் சத்தமெல்லாம் சகஜம் என்று சார் விட்டுவிடுவார்.

கயிறு என்றால் கையில் கட்டுகிற கயிறு. இந்தச் சீமையில் பையன்கள் மணிக்கட்டில் கலர் கலராகக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு ஆட்களுடையது. கையைப் பார்த்தே யார் பக்கத்தில் உட்காரலாம், யாரை அடிக்கலாம் என்று முடிவு செய்துவிடலாம், பெயர் கேட்கிற வேலைகூட மிச்சம். எந்த நிறம் யாருடையது என்பதை இங்கே எழுதுவதாக இல்லை. எழுதினால் நாளைக்கே கண்டனப் போஸ்டர் வரும். இது மதுரை. பிறந்தாலும் போஸ்டர், காது குத்தினாலும் போஸ்டர், செத்தாலும் போஸ்டர். சுவருக்குத்தான் பற்றாக்குறை.

இந்தக் கயிற்றை ஒழிக்கச் சொல்லி மேலிடத்தில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கயிற்றை அகற்றுங்கள், பிள்ளைகளிடம் பக்குவமாகப் பேசுங்கள், மாதம் எத்தனை என்று எண்ணிக்கை அனுப்புங்கள், அவ்வளவுதான் அதில் இருந்தது. பக்குவமாகப் பேசுவது கொஞ்சம் சிரமமான வேலை என்பதால் சார் அதை ஒதுக்கி வைத்தார். மற்ற இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. வருகிற மே மாதம் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். அடுத்த இடம் பணிமூப்புப்படி சத்தியசீலனுக்கு. பதினோரு வருடமாக அவர் எதிர்பார்த்திருந்த நாற்காலி அது. தலைமையாசிரியர் அறையில் ஒரு தேக்குப் பலகை உண்டு. பள்ளி தொடங்கிய நாளில் இருந்து இருந்தவர்களின் பெயர்கள் அதில் தங்க நிறத்தில் வரிசையாக எழுதியிருக்கும். கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் சார் அந்த இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்திருக்கிறார். 'த.சத்தியசீலன், எம்.ஏ., எம்.எட்.' தாராளமாக உட்காரும். கயிறில்லாப் பள்ளி என்று ஒரு பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டால் நிர்வாகத்துக்கு வேறு யோசனையே வராது என்பது அவர் கணக்கு.

எனவே ஒரு பதிவேடு தயாரானது. நானூறு பக்க நீள நோட்டு ஒன்றை வாங்கி, பிரவுன் அட்டை போட்டு, சிவப்பு மையில் கோடு இழுத்துக் கட்டம் பிரித்தார். தேதி, பெயர், வகுப்பு, நிறம். வெறும் எண்ணிக்கை வரலாற்று ஆசிரியருக்குப் போதுமா? ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டார். யாருடைய நிறம். இதை எந்த அதிகாரியும் கேட்கவில்லை. அவராக இழுத்த கோடு அது.

"இது எதுக்கு சார், அஞ்சாவது?" என்று கேட்டார் கிளமெண்ட். கணக்கு ஆசிரியர், சத்தியசீலனுக்கு ஆறு வருடம் இளையவர், இடைவேளையில் இருவரும் ஒரே பொட்டலத்தில் வடை தின்பவர்கள்.

"நோய் என்னன்னு தெரிஞ்சாத்தான மருந்து குடுக்க முடியும்?"

"சரி சார். மருந்து எங்க?"

"மொதல்ல லிஸ்ட்டு முடியட்டும்யா."

முதல் நாள் சிக்கியவன் பதினொன்றாம் வகுப்பு பாண்டியராஜன். படிப்பில் எதிலும் பெயர் வாங்காதவன், எந்த மேடையிலும் ஏறாதவன்.

"யாரு கலர்றா இது?"

"ஒங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும். நீ சொல்லணும். கட்டத்த நெரப்பணும்ல."

பாண்டியராஜன் சொன்னான். நெஞ்சை நிமிர்த்தி, சத்தமாகச் சொன்னான். பின்னால் நின்ற பதினைந்து பேர் கை தட்டினார்கள். பள்ளிக்கூடம் அவனுக்கு அதுவரை கொடுக்காத மேடையைச் சார் வாசலிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார். கயிற்றை வெட்டும்போது அவன் கையை நீட்டிய தோரணையைப் பார்த்தால் பதக்கம் வாங்குகிறவன் மாதிரி இருந்தது. மறுநாள் அவன் கையில் இரண்டு கயிறு.

பள்ளிக்கு எதிரே செல்லக்கிளியக்காவின் ஃபேன்சி ஸ்டோர். பேனா, பொட்டு, ஹேர் கிளிப், கயிறு. "சாரு நல்லாருக்கணும். முன்னாடி ஒரு கயிறு கட்டுனா ஆறு மாசம் கெடக்கும். இப்ப காலையில வெட்டுறாரு, சாயங்காலம் வாங்கிருதுக" என்று அவள் வாய் நிறைய வாழ்த்தினாள். கடைக்கு வெளியே ஒரு புதுக் கம்பி அடித்து நிறவாரியாகத் தொங்கவிட்டாள். சாரின் பதிவேட்டில் உள்ள வரிசையும் கம்பியில் உள்ள வரிசையும் ஒன்றாகவே இருந்தன.

இந்தச் சமயத்தில்தான் அஸ்வினி வந்து சேர்ந்தாள். ஆறாம் வகுப்பு. மேற்கே ஒரு கிராமத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை. அவள் கையில் நாலைந்து நிறம் முறுக்கிய ஒரு கயிறு, நுனியில் கடுகளவு மணி. திருப்பரங்குன்றத் தேரோட்டத்தில் வாங்கியது.

"யாரு கலரும்மா இது?"

"எங் கலரு சார்."

"ஒங் கலர்னா? ஒங்க ஆளுக கலரா?"

"இல்ல சார், எனக்குப் பிடிச்ச கலரு. மணி இருக்கு பாருங்க" என்று கையை ஆட்டிக் காண்பித்தாள்.

மணி சத்தம் கேட்டுச் சாருக்குச் சிரிப்பு வரவில்லை, குழப்பம் வந்தது. இந்தக் கயிற்றை எந்த நிறத்தில் சேர்ப்பது? ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதுவது? பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவரே எழுதி வைத்த விதி ஒன்று உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. மணியோடு கயிற்றை வெட்டி டப்பாவில் போட்டார்.

"நாம யாரு என்னன்னு வீட்டுல கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்லு."

மறுநாள் அஸ்வினியோடு அவள் அப்பா சிவனாண்டியும் வந்தார். வயலில் இருந்து நேரே வந்த ஆள், வேட்டியில் சேறு காயவில்லை.

"சார், சோத்துல கை வச்சுக்கிட்டே, 'நாம யாருப்பா, என்ன கலருப்பா'ன்னு கேக்குது. இம்புட்டு நாளா இதுக்கு அந்தப் பேச்சே தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்த விட்டுட்டு ரெண்டு பஸ்சு ஏத்தி இங்க விட்டேன்."

"நாங்களும் அத ஒழிக்கத்தானங்க பாடுபடுறோம். நீங்க சொன்னீங்கன்னா எழுதிக்கிட்டு ஒழிச்சிருவேன்."

சிவனாண்டி திரும்பிப் பார்த்தார். பின்னால் நாற்பது பையன்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சொல்லாமல் போனால் அவர்களாக ஒன்றைக் கட்டிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். குனிந்து, சாரின் காதோரம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். சார் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, மை காய நோட்டை விரித்துப் பிடித்தார். வரிசையில் முதலில் நின்றவன் எட்டிப் படித்தான். சிவனாண்டி மகளின் முகத்தைப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அந்த மனிதருக்கு அன்று நேர்ந்தது அவமானம். சத்தியசீலன் அதைப் பெற்றோர் ஒத்துழைப்பு என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை அஸ்வினி ஓடி வந்து கையை நீட்டினாள். ஒரே நிறத்தில் புதுக் கயிறு, செல்லக்கிளியக்கா கடையில் வாங்கியது.

"சார், இப்ப சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருந்தது. நிறமும் கட்டமும் ஒத்துப்போயின. சார் திருப்தியாக வெட்டினார். பெயரை அவளையே எழுதச் சொன்னபோது எழுத்து குண்டு குண்டாக, கோட்டை விட்டு இறங்காமல் நின்றதைக் கவனித்தார். அன்றிலிருந்து பதிவேடு எழுதும் வேலை அஸ்வினிக்கு. சார் வெட்டுவார், அவள் கேட்பாள். "யாரு கலரு? அடுத்த ஆள் வாங்க." பெரிய பையன்கள்கூட அந்தப் பொடிப் பிள்ளைக்குப் பதில் சொன்னார்கள். பத்து நாளில் அவள் கட்டத்தைப் பார்க்காமலே எந்த நிறத்துக்கு யார் என்று ஒப்பிக்கப் பழகிக்கொண்டாள். வாய்ப்பாட்டைக்கூட அந்தப் பிள்ளை அவ்வளவு வேகமாகப் படித்ததில்லை என்றார் கிளமெண்ட்.

ஆறாம் வகுப்பில் அதுவரை மதியச் சாப்பாட்டுக்கு வேப்பமரத்தடியில் ஒரே வட்டம்தான். இவன் ஊறுகாய் அவன் டப்பாவில், அவன் முட்டை இவள் டப்பாவில். பதிவேடு தொடங்கிய மூன்றாம் மாதம் வட்டம் நாலாகியது. கையில் கயிறு இல்லை, எல்லாவற்றையும் சார் வெட்டிவிட்டார். அது இல்லாமலே பிரிந்து உட்காருவதற்குப் பிள்ளைகள் படித்துவிட்டன. மாடி வராந்தாவில் நின்று பார்த்த சாருக்கு, கூச்சல் குறைந்திருப்பது மட்டும் கண்ணில் பட்டது. அந்த மாத அறிக்கையில் எழுதினார்: மாணவரிடையே நல்ல விழிப்புணர்வு ஏற்பட்டுள்ளது.

ஏப்ரலில் தலைமையாசிரியர் பதவிக்கு விண்ணப்பம் போட்டார். சான்றிதழ்களோடு பதிவேட்டையும் நகலெடுத்து, ஸ்பைரல் பைண்டிங் செய்து, மேலே பிளாஸ்டிக் அட்டை போட்டு இணைத்தார். இருபத்தெட்டு வருடச் சேவைக்கு இதைவிடப் பெரிய சாட்சி எது?

இரண்டு வாரம் கழித்து நிர்வாக அலுவலகத்தில் இருந்து அழைப்பு வந்தது. அற்புதமேரி ஜெபம் செய்து அனுப்பினார். செயலாளர் வயதானவர், குளிர்ந்த பேச்சுக்காரர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"சீனியாரிட்டி ஒங்களுக்குத்தான் சார். அதுல ரெண்டு பேச்சே இல்ல."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"ஆனா பாருங்க, போன தடவ ஒங்க பக்கத்து ஆளு. அதனால இந்தத் தடவ கிளமெண்ட் சார் பக்கம். சபைன்னா நாலையும் பாக்கணும்ல. இல்லாட்டி நிர்வாகக் குழு எலெக்சன்ல சண்டையாப் போயிரும்."

சத்தியசீலன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஒரே ஆலயம், ஒரே வேதப்புத்தகம், ஒரே அப்பம், ஒரே திராட்சை ரசம். அந்தப் 'பக்கம்' எது என்று அங்கே யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பெண் கொடுக்கும்போதும், கல்லறையில் இடம் ஒதுக்கும்போதும், நாற்காலி பிரிக்கும்போதும் எல்லாருக்கும் அது மறக்காமல் நினைவுக்கு வரும். சாரும் தன் மகள் ஐரினுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது 'நம்ம பக்கத்துல' என்றுதான் தரகரிடம் சொல்லியிருந்தார். அதெல்லாம் குடும்ப விஷயம், கயிறா கட்டினோம்?

"எதை வச்சு முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார்.

செயலாளர் பெருமையோடு ஒரு நோட்டைத் திருப்பிக் காட்டினார். நிர்வாகத்தில் உள்ள ஆசிரியர் எல்லாரின் பெயரும் இருந்தது. சிவப்பு மையில் கோடு. சேர்ந்த தேதி, பெயர், பள்ளி, பாடம். ஐந்தாவதாக ஒரு கட்டம்.

"முன்னாடியெல்லாம் ஆளாளுக்கு வாய்ல சொல்லுவாங்க, கொழப்பமா இருக்கும். நீங்க அனுப்புன பதிவேட்டப் பாத்துத்தான் சார் இத ஒழுங்கு பண்ணோம். ஒரு பக்கத்தப் பாத்தாப் போதும், யாரு எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருது. அருமையான வேலை. இத எல்லாப் பள்ளிக்கும் கொண்டு போலாம்னு இருக்கோம்."

சத்தியசீலன் தன் பெயரைத் தேடினார். இருந்தது. ஐந்தாவது கட்டம் நிரம்பியிருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் வேறு எப்படித்தான் உட்கார்ந்திருப்பான்? மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் திருந்தலாம். வீட்டுக்குப் போய் அந்த நோட்டைக் கிழித்து அடுப்பில் போடலாம். சத்தியசீலனுக்கும் பஸ்சில் வரும்போது அந்த நினைப்பு ஒரு நொடி வந்தது. ஆனால் பழங்காநத்தத்தில் இறங்கியபோது வீட்டு வாசலில் ஸ்டீவ் நின்றுகொண்டிருந்தான். அற்புதமேரியின் தம்பி, ஆஃப்செட் அச்சகம் வைத்திருப்பவன்.

"சும்மா விடக் கூடாது அத்தான். நம்ம ஆளுகள மிதிக்கிறாய்ங்க. இன்னைக்கு நீங்க, நாளைக்கு யாரோ? சுவர் பூராம் ஒட்டிருவோம்."

"வேணாம்டா ஸ்டீவ், போஸ்டரெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்றார் அற்புதமேரி.

சார் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று ஸ்டீவுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் வாட்ஸப்பில் மாதிரி வந்தது. நடுவில் சாரின் படம், கை கூப்பியபடி. மேலே, 'பணிமூப்பை மிதித்த நிர்வாகமே, பதில் சொல்!' கீழே 'இவண்' என்று போட்டு, பக்கத்து ஆட்கள் பதினெட்டுப் பேரின் பெயர். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கரை, அந்தப் பக்கத்துக்கு உரிய நிறத்தில். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். கரையைப் பார்த்தாரா? பார்த்தார். படத்துக்கு எடுப்பாக இருந்தது. 'எம்.எட்.டையும் சேர்த்துக்கொள்' என்று மட்டும் பதில் அனுப்பினார்.

ஸ்டீவ் வேலையில் சுத்தம். மறுநாள் காலை கோச்சடையில் சார் பஸ்சை விட்டு இறங்கியபோது டீக்கடைச் சுவரில் தான் கை கூப்பி நிற்பதைப் பார்த்தார். அடுத்து டிரான்ஸ்பார்மர் பெட்டியில். அடுத்து செல்லக்கிளியக்கா கடையின் பக்கவாட்டில். கடைசியாக, பள்ளியின் வாசலை ஒட்டிய சுவரில், கத்தரிக்கோலோடு அவர் தினமும் நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால், நாலு தாளைச் சேர்த்து ஒட்டிய பெரிய சத்தியசீலன். அதன் முன்னால் அறுபது எழுபது பையன்கள்.

சார் வந்ததும் வழி விட்டார்கள். பாண்டியராஜன் மட்டும் நகரவில்லை.

"செம கெத்து சார்" என்றான். கேலியா மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். "நாங்க அரை இஞ்சு கட்டுனதுக்கே வெட்டுனீங்க. ஒங்களுது ஆளு ஒசரம் இருக்கே சார்!"

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். சத்தியசீலனுக்குக் காது சூடாகியது. இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பிள்ளைகளின் முன்னால் அவருக்கு வெட்கமாக இருந்தது. பையில் இருந்து கத்தரிக்கோலை எடுத்துச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார். மதுரைப் போஸ்டர்காரன் காய்ச்சும் மைதாப் பசை லேசில் விடுமா? நடுவில் இருந்த படம் மட்டும் ஈரம் காயாமல் இருந்ததால் உரிந்து வந்தது. முதலில் கூப்பிய கை வந்தது, பிறகு கழுத்து, பிறகு மூக்கும் கண்ணாடியும். எம்.எட்.டும் வந்துவிட்டது. சுற்றிலும் இருந்த கரை மட்டும் சுவரோடு சுவராகப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு சுரண்டியும் அது அசையவில்லை, கத்தரிக்கோலின் நுனிதான் வளைந்தது.

"சார்."

திரும்பினார். அஸ்வினி பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு நின்றாள். அந்தப் பிள்ளையிடம் கேலி துளியும் இல்லை. சார் கற்றுக் கொடுத்த வேலையைச் சார் கற்றுக் கொடுத்தபடி செய்கிறவள் அவள்.

"தேதி போட்டுட்டேன் சார். ஒங்க பேரும் எழுதிட்டேன். வகுப்புக்கு ஆசிரியர்னு போட்டேன். கலரும் எழுதிட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "இந்தக் கலரு நம்ம நோட்டுல இதுவரைக்கும் வரல சார். இது யாரு கலரு?"

சார் வளைந்த கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார்.

"காலியா விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க சார்."

பிரார்த்தனை மணி அடித்தது. யாரும் உள்ளே போகவில்லை. எழுபது பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சத்தியசீலன் குனிந்து, அஸ்வினியின் காதோரம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

அவள் அதை ஐந்தாவது கட்டத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள். மை காய நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஆள் வாங்க" என்றாள்.